ஒரு பாதம் விலக்கி வைத்த கூம்புகள்

மகன் கதிருக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால், உன் நலம் இப்போது மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் புதிதாக முடிவாகிற காரியமாகிவிட்டது. அப்படி ஆனதற்கு நானே காரணம். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இக்கடிதத்தை உறையிலிடுவேன், ஒட்ட மாட்டேன். இதைக் கொண்டுவரும் உன் மாமா படிக்கலாம். நீ ஓட்டும் வண்டியின் உரிமையாளர் அண்ணாமலை அவர்கள் படிக்கலாம். அந்த வண்டியின் பின்புறம் ஏறி வருகிறவர்களுக்கு யாரேனும் உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை. பலர் முன்னிலையில் சொன்ன பொய்யை ஒருவர் காதில் மட்டும் திருத்துவது நியாயமாகாது.

கோரிக்கையை முதற்பத்தியிலேயே வைத்துவிட வேண்டும், காரணங்கள் பின்னால் வரலாம் என்பது பிறருக்கு மனு எழுதித் தரும் நான் எவருக்கும் சொல்வது. அதன்படி சொல்கிறேன். நம் ஊர் ஏரிக்குள் நீ வண்டி பழகியபோது நட்டு வைத்திருந்த கூம்புகள் சரியான அளவில் இருக்கவில்லை. நான் அவற்றை விலக்கி வைத்தேன். தேர்வுத் திடலில் இருந்தவையே சரியான அளவு. ஆகையால் உன் கண்ணில் பதிந்திருக்கும் இடைவெளி பொய்யானது. அந்தக் கண்ணை நம்பி, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கல்வராயன் மலையில் இனி ஒரு முறை கூட வண்டியைப் பின்னோக்கி எடுக்காதே. இதுவே என் கோரிக்கை. எஞ்சியதெல்லாம் ஒப்புதல்.

ஏரி வற்றியிருந்த அந்தக் கோடையை நினைத்துப் பார். உன் கையில் பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போகாமலே பழகிக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான். எனக்கு எழுத்தைக் கற்பித்தது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பள்ளிக்கூடமன்று; கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள்கள். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், "அந்த அம்மா எழுதினா எடுபடும்" என்று என்னைத் தேடுகிற நிலைக்கு வந்தேன். தானாகக் கற்றவளின் பிள்ளை தானாகக் கற்க மாட்டானா என்றொரு பெருமை எனக்கு. உன் மாமா தன் பழைய வேனைக் கொடுத்தான். யாரிடமோ கேட்டு அளவையும் கொண்டுவந்தான்: இரண்டு வரிசைக் கூம்புகள், நடுவே வளைந்து செல்லும் வழி, வண்டியின் அகலத்துக்கு மேல் பக்கத்துக்கு ஒரு சாண் இடம். அவ்வழியே முன்னோக்கிப் போய், எதையும் தொடாமல் பின்னோக்கி வந்து, நாலு கூம்புகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். நம்மிடம் கூம்பு ஏது? காலிக் குடிநீர்ப் புட்டிகளில் மணல் நிரப்பி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டினோம். அளவுக் கயிற்றில் முடிச்சிட்டு, ஒவ்வொரு புட்டியையும் அதனதன் இடத்தில் ஊன்றியவள் நான். முதல் நாள் நான் ஊன்றிய அளவில் ஒரு விரற்கடை கூடப் பிழையில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரியான அளவு எனக்குத் தெரிந்தே இருந்தது என்பதை நீ அறிய வேண்டும்.

மூன்று நாட்கள் நீ புட்டிகளைச் சாய்த்தாய். முன்னே போகும்போது ஒன்று, பின்னே வரும்போது நான்கு. நசுங்கிய புட்டிகளைப் பொறுக்கிப் புதியவற்றில் மணலிட்டு வைத்தேன். நான்காம் நாள் நீ வண்டியை நிறுத்தி இறங்கி, சக்கரத்தை உதைத்தாய். உன் மாமா சும்மா இருக்கவில்லை. "டேய், நீ எருமைய ஓட்டினாலே ரெண்டு வரப்ப மெரிப்ப. உனுக்கு எதுக்குடா ஸ்டேரிங்கு?" என்று சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நீ என்னிடம் வந்து, "எனுக்கு வராதும்மா. வுட்டுடு. நான் கரும்பு வெட்டவே போறேன்" என்றாய். உன் தந்தை கரும்புக் காட்டிலேயே உடல் ஓய்ந்து போனவர். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து கேட்டதும் என் அறிவு ஒதுங்கி நின்றுகொண்டது.

மறுநாள் காலை உனக்கு முன்பாக நான் ஏரிக்குள் போனேன். ஒவ்வொரு புட்டியையும் பிடுங்கி, என் பாதத்தை வைத்து அளந்து, வெளிப்புறமாக ஒரு பாத அளவு தள்ளி ஊன்றினேன். பழைய குழிகளைக் காலாலேயே தேய்த்து மூடினேன். அன்று நீ ஒன்றையும் தொடாமல் போய் வந்தாய். "பாத்தியாம்மா! பாத்தியா!" என்று வண்டிக்குள்ளிருந்தே கத்தினாய். அந்தச் சத்தத்துக்கு ஈடாக எனக்கு உலகில் எதைக் கொடுத்தாலும் அன்று வாங்கியிருக்க மாட்டேன். உன் மாமாவுக்கு ஐயம் வந்தது. "இன்னாக்கா, கொஞ்சம் ஜாஸ்தியா அகலம் கீற மாதிரி கீதே?" என்றான். "அளந்தவ நானா நீயா? போயி மொதல்ல உன் கண்ணுக்கு வைத்தியம் பாரு" என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்த அக்காளோடு வாதாடி அவன் ஒருபோதும் வென்றதில்லை. அந்தப் பழக்கத்தை நான் அன்று அவனுக்கு எதிராகவும் உனக்கு எதிராகவும் பயன்படுத்தினேன்.

நாளுக்கு அரைப் பாதமாகத் திரும்ப உள்ளே நகர்த்திவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஒவ்வொரு காலையும் அந்த எண்ணத்தோடுதான் கயிற்றை எடுத்துப் போனேன். ஆனால் முந்தைய நாள் உன் முகத்தில் கண்ட தெளிவு கண்முன் வந்து நிற்கும். நாளை நகர்த்தலாம் என்று திரும்புவேன். அப்படியே தேர்வு நாள் வந்துவிட்டது. இது எனக்குப் புதிய குணமும் அன்று. நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, நீ விளையாடப் போன பிறகு உன் வீட்டுப்பாட ஏட்டை எடுத்து, கோணலான எழுத்துகளை அழித்து, உன் கை போலவே ஆனால் நேராக எழுதி வைப்பேன். ஆசிரியை உன்னைப் பாராட்டினார். பரீட்சைத் தாளில் உன் உண்மையான எழுத்தைப் பார்த்தபோது உன்னை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார். நீ வீட்டுக்கு வந்து, "யம்மா, வூட்ல எழுதசொல்ல நல்லா வருது, பள்ளிக்கூடத்துல மட்டும் ஏம்மா வரமாட்டுது?" என்று கேட்டாய். உன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் அன்றும் வாய் திறக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு வராத ஒன்றை வந்துவிட்டதாகக் காட்டினால், வந்துகொண்டிருந்ததும் அவனுக்குப் புரியாமல் போகும் என்பதை நான் அன்றே கற்றிருக்க வேண்டும். மற்றவற்றையெல்லாம் தானாகக் கற்ற நான் இதைக் கற்கவில்லை.

தேர்வு நாளில் நான் திடலின் கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். நீ ஏறும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தாய். முன்னே போகையில் இரண்டாவது கூம்பு சாய்ந்தது. பின்னே வருகையில் ஒன்று உன் வண்டிக்கு அடியிலேயே போய்விட்டது. ஆய்வாளர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. "தம்பி, பின்னாடி எடுக்கறதுக்கு இன்னும் பழகணும். பழகிட்டு மறுபடி தேதி போட்டுக்கினு வாங்க" என்றார். நீ விடவில்லை. "இன்னா சார், இவ்ளோ நெருக்கி வெச்சிகிறீங்க? அளவு இது இல்ல சார். எங்கம்மா கயிறு போட்டு அளந்து வெச்சாங்க. ஒரு கோனு கூட வுழல" என்றாய். வரிசையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சினமடையாமல் அளவு நாடாவை வரவழைத்து, உன் கையிலேயே ஒரு முனையைக் கொடுத்து அளந்து காட்டினார். அளவு சரியாக இருந்தது. பின்னால் யாரோ, "டேப்பு பொய் சொல்லுது சார், அவுங்கம்மா கயித்த கொண்டாரச் சொல்லுங்க" என்று கேலி செய்தார்கள். நீ வேலியருகே வந்து என் முகத்தைப் பார்த்தாய். "நீ சொல்லும்மா. நீ கரீட்டா தான அளந்த?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் என்னிடம் மனு எழுதிக்கொண்டவர்கள். "நான் சரியாத்தான் அளந்தேன்" என்றேன்.

கதிர், அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமலிருந்திருந்தால் நீ அன்று வெட்கப்பட்டிருப்பாய், என் மேல் கோபப்பட்டிருப்பாய், ஒரு மாதம் கழித்து மீண்டும் தேர்வுக்குப் போயிருப்பாய். நான் அதைச் சொன்னதால், உலகம் உனக்கு எதிராகக் கூம்புகளை நெருக்கி வைத்திருக்கிறது என்று நம்பிவிட்டாய். உன்னிடம் திறமை இருக்கிறது, தடுப்பது அலுவலகம்தான் என்று நம்பிவிட்டாய். அந்த நம்பிக்கையோடுதான் பையை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலையேறினாய். உன் மானத்தை மட்டும் நான் பாதுகாத்திருந்தால் அது சிறிய பிழையாக இருந்திருக்கும். நான் பாதுகாத்தது என் பெயரை.

நீ வெள்ளிமலையில் அண்ணாமலை அவர்களுடைய குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியை ஓட்டுகிறாய் என்று உன் மாமா சொன்னபோது, மரவள்ளிக் கிழங்கு மூட்டைதானே ஏற்றுகிறான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சரக்கு வண்டியில் சரக்கு மட்டும் போகும் என்று நம்புகிறவர் நம் மாவட்டத்தில் எவருமில்லை. இருந்தும் நம்ப முயன்றேன். கடந்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் அலுவலக வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, மலையிலிருந்து வந்த ஒரு பெண் வீட்டுமனைப் பட்டாவுக்காக மனு எழுதச் சொன்னார். வலது முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். விழுந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க வுழுந்தேன்? குட்டியானையில வந்தேன்மா. பொம்பளைங்க ஏழு பேரு, மூட்ட மேல குந்திகினு கீறோம். நெறைய எடம் இல்லாம என் காலு வெளிய தொங்கினு கீது. வளைவுல எதுக்க பஸ்ஸு வந்துட்ச்சி. புதுசா ஓட்டுறான் ஒரு பையன், அவன் பின்னால எடுக்கறான். ஓரத்துல கல்லு நட்டு வெச்சிகிறாங்க இல்ல, அதுல போயி இடிச்சிட்டான். கல்லு சாஞ்சிட்ச்சி. அந்தாண்ட பார்த்தா ஒண்ணியும் இல்லம்மா, மரத்தோட தலதான் தெரியுது."

"அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன். என் கையில் பேனா இருந்தது. தாளில் அவருடைய பெயரைப் பாதி எழுதியிருந்தேன்.

"இன்னா சொல்லுவான்? எறங்கி வந்து பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சி. அப்பறம் சிரிக்கிறான். 'ஆயா, பயப்படாத, நெறைய எடம் கீது, எனுக்கு கண்ணு கரீட்டு'ன்றான். எங்கடா கீது எடம்னு நாங்க கத்தறோம். நல்ல பையன்தாம்மா. என் காலுக்கு அவனே துணி கிழிச்சிக் கட்டினான். ஆனா அவன் கண்ணுல இருக்கற எடம் ரோட்டுல இல்ல."

அந்தப் பெண்ணுக்கு என்னை யாரென்று தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மனுவை எழுதி முடித்து, கைரேகை வைக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, அந்த அலுவலகச் சுவரோரமாகப் போய் நின்றேன். அவன் கண்ணில் இருக்கிற இடம் சாலையில் இல்லை. அந்த இடத்தை உன் கண்ணுக்குள் வைத்தவள் யார் என்பது அந்த வாசலில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. பக்கத்துக்கு ஒரு பாதம், கதிர். மலைப்பாதையின் விளிம்பில் ஒரு பாதம் என்பது எவ்வளவு என்று நீ அன்று எட்டிப் பார்த்திருப்பாய்.

உடனே உன்னை அழைத்தேன். "வண்டில கீறன்மா, அப்பறம் பேசுறேன்" என்று துண்டித்தாய். நீ ஓட்டிக்கொண்டே பேசுகிறாய் என்பது தெரிந்ததும் மறுபடி அழைக்க எனக்குத் துணிவில்லை. மாலையில் அழைத்தபோது எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இவற்றை வாயால் சொல்லியிருப்பேனா என்று ஐயமாக இருக்கிறது. எனக்குத் தாளில்தான் நேர்மை வருகிறது. வாயில் பெருமைதான் வருகிறது.

இப்போது அறிவுரை என்று ஏதேனும் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் தாய் என்ற முறையில் சொல்கிறேன், ஏற்பதும் தள்ளுவதும் உன் விருப்பம். உன் கை நன்றாகவே இருக்கிறது. வளைவில் திரும்பும் நிதானமும், வண்டியின் சத்தத்தைக் கேட்டு அறியும் பொறுமையும் உனக்கு வந்திருந்தன. அவற்றை நான் கண்ணால் பார்த்தேன், அவற்றில் என் கலப்படம் எதுவுமில்லை. குறை பின்புற அளவில் மட்டும்தான். அது பழக்கத்தால் வரக்கூடியது. ஆனால் முதலில் பழையதை மறக்க வேண்டும், அதற்கு வெறுந்தரை வேண்டும், சாய்ந்தாலும் யாருக்கும் காயம்படாத பொருள்கள் வேண்டும். ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு அதைப் பழக முடியாது. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்ப்பதில் ஓட்டுநருக்கு இழிவில்லை. எதிரில் வருகிறவன் ஒலிப்பானை அழுத்தட்டும், வண்டியிலிருப்பவர்கள் முணுமுணுக்கட்டும். உன் மாமாவின் கேலிக்கு அஞ்சி நீ அன்று கைவிடப் பார்த்தாய்; அந்த வரிசையில் நின்றவர்களின் சிரிப்புக்கு அஞ்சி நான் பொய் சொன்னேன். சிரிப்புக்கு நாம் இருவருமே அளவுக்கு மீறி அஞ்சுகிறவர்கள். இந்த அச்சத்தை நீ என்னிடமிருந்துதான் பெற்றிருக்க வேண்டும். இதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அந்த ஆய்வாளரைப் பற்றி நீ மலையில் பலரிடம் குறை சொல்லியிருப்பாய். அதை நீ திரும்பப் பெற வேண்டும். நான் என் பங்குக்கு அவரை நேரில் பார்த்து, வேலிக்கு வெளியே நின்று நான் சொன்னது பொய் என்று கூறப்போகிறேன். மனுவாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதினால் சொற்கள் அழகாக அமைந்து என் குற்றத்துக்குப் பட்டுத் துணி போர்த்திவிடும். அதனால் வாயாலேயே சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இனி, நீ என்னை மன்னிக்க இயலாமல் போகக்கூடிய செய்தி ஒன்று உள்ளது. இக்கடிதம் உன்னை வந்தடையும் வரை நான் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை மாலையே உன் மாமாவிடம் எண்ணை வாங்கி அண்ணாமலை அவர்களை அழைத்தேன். "கதிரோட அம்மா பேசுறேன்" என்றதும் மகிழ்ச்சியாகப் பேசினார். "உங்க புள்ள தங்கம்மா. வண்டிய தொடச்சி வெக்கிறத பாக்கணுமே" என்றார். நான் சொன்னேன்: "அவனுக்கு உரிமம் கிடைக்கலைங்க. தேர்வுல தோத்துட்டான். தோத்ததுக்கு நான்தான் காரணம். அவன் கிட்ட சாவி கொடுக்காதீங்க."

"இன்னாம்மா சொல்றீங்க? லைசென்ஸ் தபால்ல வந்துகினு கீதுன்னானே. நான் நம்பி பொண்ணு, மருமவ எல்லாரையும் ஏத்தி அனுப்பிகினு கீறேனே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் இருந்தது. உன் பொய்யை அவரிடம் உடைக்க வேண்டும் என்பது என் நோக்கமில்லை. நீ பொய் சொல்லியிருக்கிறாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைக் கேட்டு நான் உன் மேல் சினம் கொள்ளவில்லை. ஒரு முறை விலக்கி வைத்த அளவு, வைத்தவளோடு நின்றுவிடுவதில்லை என்று மட்டும் தோன்றியது.

ஆகவே இதை நீ படிக்கும் நேரத்தில் சாவி உன்னிடம் இருக்காது. ஊரார் முன்னிலையில் அவர் அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். உன்னைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். அதைச் செய்வித்தது நான்தான், அவர் மேல் பழியில்லை. உனக்கு அவமானம் நேராமலிருக்க ஒரு முறை அளவை மாற்றினேன். உனக்கு அவமானம் நேரும் என்று தெரிந்தே இம்முறை செய்தேன். இரண்டையும் செய்தது ஒரே தாய்தான் என்று நம்புவது உனக்குக் கடினமாக இருக்கும்.

இதைப் படித்த மறுநாள் காலை வெள்ளிமலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வா. உன் மாமா உடன் வருவான். அவன் கேலி பேச மாட்டான், சொல்லி வைத்திருக்கிறேன். சங்கராபுரம் வந்து, நம் ஊர் நிறுத்தத்தில் இறங்குவாயா, அல்லது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அதே இருக்கையில் அமர்ந்து வேறெங்கேனும் போய்விடுவாயா என்பது எனக்குத் தெரியாது. நான் நிறுத்தத்தில் வந்து நிற்பேன். நீ இறங்காமல் கடந்து போனாலும் சன்னலில் உன் தலை தெரியும் அல்லவா? வண்டியை வேறொருவர் ஓட்ட, நீ பின்னால் அமர்ந்து போவதை ஒரு முறை பார்த்துவிட்டால், அன்றைய தினத்துக்கு எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
அளவைத் தவறாக வைத்தவளும் உன்னைப் பெற்றவளும்.